பத்து கிராம் நட்டு

முதலில் சத்தத்தை நீக்கினேன்.
காற்றே இல்லாத இடத்தில் அந்த டமார்
நான்கு வருடமாக எங்கள் விளையாட்டில் வெடித்துக்கொண்டிருந்தது.
லுபோருக்கு அது பிள்ளை மாதிரி.
பிறகு தீப்பிழம்பு. பிறகு
கப்பலின் தலைமேல் தொங்கிய பச்சைக் கோடு,
அடிபட அடிபடக் குறுகிப்
பூஜ்ஜியத்தில் செத்துப்போவது.
உயிர் அப்படிக் கோடாகக் குறைவதில்லை, லுபோர், என்றேன்.
அவன் ஜன்னலைப் பார்த்தான்.
ஒஸ்ட்ராவாவில் ஜனவரி. டிராம் கம்பியில் நீலப் பொறி.
கீழே சைக்கிள் கடையில் யாரோ
கோணிய சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கோட்டுக்குப் பதில் தகடு வைத்தேன்:
இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம்,
ஒரு சாண் வெற்றிடம், இன்னொரு தகடு.
அதன்மீது எறிய ஒரு நட்டு.
பத்து கிராம். நொடிக்குப் பத்து கிலோமீட்டர்.
கணக்குப் போட்டால்
நெடுஞ்சாலையில் நூறில் வரும் ஸ்கோடா ஒன்று
முழுசாக, ஓட்டுநரோடு,
நகக்கண் அளவுக்குள் புகுந்து வருகிறது.
அந்த வேகத்தில் இரும்பு இரும்பாக இருப்பதில்லை.
தகடும் நட்டும்
இரண்டு சொட்டுத் தண்ணீர் போல
ஒன்றில் ஒன்று தெறிக்கின்றன.
வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு.
பள்ளிக்கூடக் கணக்குதான்.
பள்ளிக்கூடத்தில் இதற்கு யாரும் பயப்படவில்லை.

வெப்பம்தான் படுத்தியது.

தேநீர்க் கோப்பையில் வெப்பமானியைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
தொண்ணூற்றிரண்டு. எண்பது. அறுபத்தொன்று.
காற்று வந்து வந்து களவாடிப் போகிறது.
மேலே அந்தத் திருடன் இல்லை.
எந்தக் கஞ்சியும் அங்கே சீக்கிரத்தில்
பழங்கஞ்சி ஆவதில்லை.
சூடு வெளியேற ஒரே வாசல்:
ஒளியாக மாறிப் போக வேண்டும்,
கண்ணுக்குத் தெரியாத ஒளியாக.
வெப்பநிலை இரட்டித்தால்
வாசல் பதினாறு மடங்கு திறக்கும்.
அவ்வளவு சுட்டபின்
உள்ளே இருப்பவர்?

வெப்பம் உமிழும் இறக்கைகள்
செக்கச்செவேலென்று ஒளிர வேண்டும், என்றான் லுபோர்.
அறுபது டிகிரியில் எதுவும் சிவக்காது, என்றேன்,
கன்னத்தைத் தவிர.
அந்த வாரத்தில் அவன் சிரித்தது
அப்போது மட்டும்.

செவ்வாய் இரவு, சோதனை.
நட்டு இடது இறக்கையில் பட்டது.
ஒன்றுமே நடக்கவில்லை.
அவரைக்கொட்டை அளவு ஓட்டை.
குளிர்விக்கும் திரவம் வெளியே கசிந்து
பொடிப்பொடியாக மின்னியது, அவ்வளவுதான்.
அறையில் இருபத்து நான்கு டிகிரி.
ஒன்பது நிமிடம் கழித்து இருபத்தைந்து.
ஆள் ஒன்று என்று மட்டும் நான் பெயரிட்ட உருவம்
இருக்கையில் அசையாமல் இருந்தது;
அசைய நான் எழுதித் தரவில்லை.
முப்பத்தொன்று.
ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு வைத்தேன்.
முப்பத்தெட்டு.
எழுந்து போய்
எங்கள் அறையின் ஹீட்டரை அணைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.

நாற்பத்து மூன்றில் நிறுத்தி
அதே கப்பலை அதே ஓட்டையோடு
பில்செனில் இருக்கும் ஒட்டீலியேவுக்கு அனுப்பினேன்.
பகலில் மருந்துக் கடை, இரவில் எங்கள் கப்பல்களைக் கவிழ்ப்பவள்.
விளக்குகளை அணைத்தாள். திசைகாட்டியை அணைத்தாள்.
வெயிலுக்கு முதுகு காட்டாமல்
விளிம்பைக் காட்டித் திரும்பினாள்.
போதவில்லை.
பிறகு குடிதண்ணீர்த் தொட்டியை
வெளியே திறந்துவிட்டாள்.

கொதித்தது தண்ணீர்,
கொதித்தபடியே உறைந்தது,
போகிற போக்கில் சூட்டையும் இழுத்துக்கொண்டு போனது.
நாற்பத்தொன்று. நாற்பது. முப்பத்தாறு.

இதை நான் எழுதவில்லை.
தண்ணீர் தண்ணீராக இருக்கட்டும் என்று
மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அதிகாலை மூன்று மணிக்குச் செய்தி வந்தது:
தாகமாயிருக்கிறது. ஆனால் இருக்கிறேன்.

லுபோர் அதைப் படித்துவிட்டுக்
காபி போடப் போனான்.
திரும்பி வந்து, சத்தம் மட்டுமாவது, என்றான்,
கொஞ்சமாக, உள்ளே இருப்பவருக்கு மட்டும்,
தகட்டின் வழியாகக் கேட்கும்படி?
அது சரிதான். நான் யோசிக்காதது.

இன்னொன்றும் உண்டு.
இறக்கையைத் துளைத்த பின் எஞ்சிய துணுக்கு ஒன்றை
அழிக்க மறந்துவிட்டேன்.
வியாழன் காலை பார்க்கிறேன்,
கணினி அதை எண்ணிக்கொண்டே இருக்கிறது:
பதினாறு லட்சம் கிலோமீட்டர்,
எதன்மீதும் படாமல்.